கரும்பு முறை டீகாஃப்: சர்க்கரை உள்ளவர்கள் குடிக்கலாமா?

செங்காங்_17:
அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு ஒரு டபரா ஃபில்டர் காப்பி கிடைக்காவிட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது, குடித்துவிட்டாலோ ராத்திரி இரண்டு மணி வரை புரண்டுகொண்டு கிடப்பார். மதியத்துக்கு மேல் காஃபீன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்று ஒரு கஃபேயில் கொலம்பியா டீகாஃப், அதாவது காஃபீன் நீக்கிய, கொட்டை 200 கிராம் வாங்கினேன், 24 சிங்கப்பூர் வெள்ளி. பாக்கெட்டில் 'கரும்பு முறை' என்று போட்டிருந்ததை நான்தான் படித்துச் சொல்லித் தொலைத்தேன். "சர்க்கரைக்காரிக்குக் கரும்புக் காப்பியா?" என்று தொடவே மறுக்கிறார். உள்ளே இனிப்பு ஏதும் சேர்க்கிறார்களா? இன்னொன்று, முன்பு குடித்த டீகாஃப் இன்ஸ்டன்ட் அட்டையை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. இதுவும் அப்படித்தானா?

வறுப்புக்காரன்:
இங்கே சிங்கப்பூரில் உபி பக்கம் ஒரு சின்ன வறுப்பகத்தில் வேலை செய்கிறேன். இனிப்பு சேர்ப்பதில்லை. கரும்பு வெல்லப்பாகைப் புளிக்கவைத்தால் ஆல்கஹால் வரும், அதோடு அசிட்டிக் அமிலம் சேர்ந்தால் எத்தில் அசிட்டேட். வறுக்காத பச்சைக் கொட்டையை ஆவியில் உப்பவைத்து இந்தத் திரவத்தில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள், காஃபீன் கரைந்து வந்துவிடும், கடைசியில் மறுபடி ஆவி காட்டிக் காயவைப்பார்கள். கரும்பு விளையும் நாட்டிலேயே, காப்பியும் விளைகிற இடத்திலேயே, கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரில் இதற்கு ஆலை இருக்கிறது.

அட்டைச் சுவைக்கு முறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எப்படியும் டீகாஃப்தானே என்று விலைபோகாத பழைய கொட்டையைத் தள்ளிவிடும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது. நல்ல கொட்டையை அனுப்பினால் நல்ல காப்பி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். வறுப்பதில் ஒரு தொல்லை உண்டு: டீகாஃப் கொட்டை வரும்போதே பழுப்பாக இருக்கும், நிறத்தை நம்பி வறுத்தால் ஏமாந்துபோவோம்.

கோப்பி_ஓ_கொசோங்:
எத்தில் அசிட்டேட் நகப்பூச்சு அழிக்கிற சாமான் ஆச்சே அண்ணே! 24 வெள்ளிக்கு அதைக் குடிப்பதற்குப் பேசாமல் சுக்குமல்லி போட்டுக் கொடுங்கள்.

வறுப்புக்காரன்:
அதேதான், பழுத்த பழங்களிலும் இயல்பாக இருக்கிறது. 77 டிகிரியில் கொதித்துப் போய்விடும், நாங்கள் வறுப்பது 200 டிகிரிக்கு மேல். பயப்பட வேண்டும் என்றால் பழைய கதைக்குப் பயப்படுங்கள்: 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரெமென் நகரில் லுட்விக் ரோசெலியுஸ் முதன்முதலாக வணிக அளவில் டீகாஃப் செய்தபோது பயன்படுத்தியது புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன்.

மனசு ஒப்பவில்லை என்றால் தண்ணீர் முறை இருக்கிறது. 'சுவிஸ் வாட்டர்' என்று பெயர், ஆலை என்னவோ கனடாவில். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் சுவையும் சேர்ந்து இறங்கிவிடும் இல்லையா, அதனால் கொட்டையின் மற்ற சத்தெல்லாம் ஏற்கெனவே கரைந்து, காஃபீன் மட்டும் இல்லாத தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சுவைக்கு வெளியே போக இடமில்லை, காஃபீன் மட்டும் இறங்கும். அப்புறம் கரியில் வடிகட்டி அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவார்கள்.

தேக்கா_அக்கா:
தம்பி, வேதியியல் இருக்கட்டும், டிகாஷனைக் கவனியுங்கள். டீகாஃப் கொட்டை அரைக்கும்போது பொடிந்து மாவாகும், பித்தளை ஃபில்டரில் அடைத்துக்கொண்டு சொட்டாது. வழக்கத்தைவிட ஒரு பிடி கரகரப்பாக அரையுங்கள். நான் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சிக்கரி கலக்கிறேன், சிக்கரியில் காஃபீன் கிடையாது, பால் ஊற்றினாலும் காப்பி நிறம் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், சீக்கிரம் மணம் போய்விடுகிறது. அப்புறம், டீகாஃப் என்றால் சுத்தமாகப் பூஜ்யம் இல்லை, டம்ளருக்குச் சில மில்லிகிராம் மிச்சம் இருக்கும். சில மில்லிகிராம்தானே என்று அம்மா மூன்று டம்ளர் கேட்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங்_17:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் வெல்லப்பாகு, புளிக்கவைப்பது, ஆல்கஹால் என்று வரிசையாக விளக்கினேன். "அப்போ இது சாராயக் காப்பியா?" என்றார்! சனிக்கிழமை தண்ணீர் முறைக் கொட்டை வாங்கி, அக்கா சொன்ன கணக்கில் சிக்கரி கலந்து கொடுத்தேன். குடித்தார், பொடியில் மிச்சம் பிடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். அந்த 24 வெள்ளிக் கொட்டையை இப்போது நான்தான் குடிக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.