எபேசியர் 2:8: அந்த "இது" எது?

வட்டக்கச்சி வாத்தி:
போன ஞாயிறு கிளிநொச்சிப் பக்கத்தில நடந்த அறுவடை நன்றி ஆராதனைப் பிரசங்கத்தை ஒருத்தர் எழுத்தாக்கி இங்க போட்டிருக்கிறார். பவுல் எபேசியருக்கு எழுதின நிருபத்தில வாற வசனம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." இதில வாற 'இது' விசுவாசமாம். விசுவாசமே ஈவு எண்டபடியால் நாங்கள் செய்ய ஒண்டுமில்லையாம். அட!
கிரேக்கத்தில அந்த இடத்தில நிக்கிறது 'தூட்டோ'. ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. விசுவாசம் எண்ட 'பிஸ்டிஸ்' பெண்பால். கிருபை எண்ட 'காரிஸ்' அதுவும் பெண்பால். கிரேக்கத்தில சுட்டுச் சொல்லின்ர பால், அது சுட்டுற சொல்லின்ர பாலோட வழமையா ஒத்துப்போகும். அப்ப 'இது' ரெண்டில ஒண்டையும் தனியாப் பிடிக்காது. இரட்சிக்கப்பட்ட முழுக் காரியத்தையும் சுட்டுது. தமிழில எல்லாத்துக்கும் 'இது'தானே, அங்கதான் ஆக்கள் வழுக்கினம்.

சிறுபோகம்:
வந்திட்டார். போன மாசம் தசமபாகம், இந்த மாசம் தூட்டோ. வாத்தியார், பிலிப்பியர் 1:29 பாருங்கோ. விசுவாசிக்கிறதும் பாடுபடுகிறதும் ரெண்டும் "அருளப்பட்டிருக்கிறது". விசுவாசம் ஈவுதான். கதை முடிஞ்சுது.

வட்டக்கச்சி வாத்தி:
முடியேல்லை தம்பி. விசுவாசம் ஈவோ எண்டு நான் கேக்கேல்லை. 2:8இல 'இது' எது எண்டு கேட்டனான். அடுத்த வசனத்தில "கிரியைகளினால் உண்டானதல்ல" எண்டு வருது. கிரேக்கத்தில அங்க புது 'இது' இல்லை, 8இன் 'இது'தான் தொடருது. விசுவாசம் கிரியையால வந்தது எண்டு ஆர் சொன்னது, பவுல் மறுக்கிறதுக்கு? இரட்சிப்பைப் போட்டு வாசியுங்கோ, நேராப் பொருந்தும். உங்கட சீர்திருத்தக்காரர் கல்வினே தன்ர எபேசியர் உரையில, பவுல் இங்க ஈவு எண்டது விசுவாசத்தை இல்லை, இரட்சிப்பைத்தான் எண்டு எழுதிவைச்சிருக்கிறார்.

சிறுபோகம்:
'உங்கட' கல்வினோ? அவரை நான் விலைக்கு வாங்கி வைச்சிருக்கேல்லை. பால் பொருந்தவேணும் எண்டு பவுலுக்குச் சட்டம் போட்டது ஆர்? அதே பிலிப்பியர் 1:28இல "இதுவும் தேவனுடைய செயலே". அங்கயும் தூட்டோ. முன்னால நிக்கிற 'அத்தாட்சி', 'இரட்சிப்பு' ரெண்டும் பெண்பால். இப்ப என்ன செய்வியள்?

மடு றோட்:
இருந்து பாக்க நல்லா இருக்கு. விசுவாசத்தின்ர தொடக்கமே அருள்தான் எண்டு 529இல ஒறாஞ்சில கூடின திருச்சபைச் சங்கம் சொல்லிப்போட்டுது. 1999 ஒக்ரோபர் 31இல அவுக்ஸ்பேர்க்கில லூத்தரன்காரரும் கத்தோலிக்கரான நாங்களும் நீதியாக்கப்படுதலைப் பற்றின கூட்டறிக்கையில கையெழுத்து வைச்சாச்சு, 2006இல மெதடிஸ்தரும் சேர்ந்திட்டினம். நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் ஒரு சுட்டுச் சொல்லுக்குள்ள நிக்கிறியள்.

சிறுபோகம்:
கையெழுத்து வைச்ச உங்கட பக்கமும் சேர்ந்துதான் 1995இல வந்த 'திருவிவிலியம்' எண்ட பைபிள் பொது மொழிபெயர்ப்பில கிருபையை எடுத்துப்போட்டு 'அருள்', விசுவாசத்தை எடுத்துப்போட்டு 'நம்பிக்கை' எண்டு போட்டது.

மடு றோட்:
நல்ல தமிழ் கசக்குதோ? அதிலயும் 'இது' இருக்கு, பயப்பிடாதேங்கோ.

கொக்குவில் பெடியன்:
பழைய பைபிளின்ர தமிழில கை வைக்காதேங்கோ. அது எங்கட நாவலர் பார்த்த தமிழ்.

வட்டக்கச்சி வாத்தி:
நாவலர் உதவினது யாழ்ப்பாணத்தில பேர்சிவல் பாதிரியார் செய்த 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக்கு. நீங்கள் கையில வைச்சிருக்கிறது பவர் பாதிரியார் குழுவின்ர 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. எல்லாம் யாழ்ப்பாணத்தில இருந்துதான் வந்தது எண்டுற வருத்தம் எப்ப மாறுமோ.

கனகராயன்:
அந்தப் பிரசங்கத்தில எனக்கு உறுத்தினது உவமை. கிருபை இரணைமடுக் குளத்துத் தண்ணியாம், விசுவாசம் வாய்க்காலாம், வயல்காரன் சும்மா இருந்தாக் காணுமாம். குளத்தில 36 அடி நிண்டாலும் வயல் வாய்க்காலில புல்லும் மண்ணும் அடைச்சிருந்தா கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. தண்ணி திறக்க முதல் அவனவன் தன்ர காணி நீளத்துக்குத் துப்பரவாக்கவேணும். மேல் வயல்காரன் முறை முடிஞ்ச பிறகும் மடையைத் திறந்து விட்டால் கீழ வெடிப்புத்தான். சும்மா இருந்து கமம் செய்தவன் ஆர்?

சிறுபோகம்:
36 இல்லை, 34.

கனகராயன்:
நிரம்பினா 34 எண்டது குளம் திருத்த முதல். இப்ப 36.

வட்டக்கச்சி வாத்தி:
கனகராயன் சொன்னதைப் பிடியுங்கோ. தண்ணியை அவன் உண்டாக்கேல்லை, அது ஈவு. மடையை நேரத்துக்குப் பூட்டுறது அவன்ர சீஷத்துவம். தீத்து 2:11, 12இல கிருபை "போதிக்கிறது" எண்டு வருது. அந்தக் கிரேக்கச் சொல் பிள்ளையைக் கண்டிச்சு வளர்க்கிறதுக்குப் பாவிக்கிற சொல். பிரசங்கிக்கிற ஆள் செய்யவேண்டியது பெரிசா ஒண்டுமில்லை. 8, 9, 10 மூண்டையும் ஒரே மூச்சில வாசிக்கவேணும். 10இல "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" எண்டு கிடக்கு. 'செய்கிறதற்கு' வேற, 'செய்ததால' வேற. அந்த வித்தியாசத்தைச் சொல்லிப்போட்டு, அந்தக் கிழமைக்கு ஒரே ஒரு காரியம் குடுக்கவேணும். உரக்கடைக் கடனை நெல்லு வித்த கையோட கட்டு. பத்துக் காரியம் குடுத்தால் வாசல்படியிலயே மறந்துபோகும். ஒண்டும் குடுக்காட்டி, இந்தப் பிரசங்கம் மாதிரி, சனம் ஆமென் சொல்லிப்போட்டு எழும்பிப் போகும்.

சிறுபோகம்:
கடன் கட்டினால்தான் இரட்சிப்பு எண்டு சொல்ல வாறியள், நேராச் சொல்லுங்கோவன்.

வட்டக்கச்சி வாத்தி:
லூக்கா 19ஐத் திறவுங்கோ. "நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" எண்டு இயேசு சொன்னது 5ஆம் வசனம். வரி வசூலிச்ச சகேயு, அநியாயமா வாங்கினதை நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கிறன் எண்டது 8ஆம் வசனம். எது முந்தினது எண்டு எண்ணத் தெரியுமெல்லோ?

சிறுபோகம்:
"இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" எண்டது 9ஆம் வசனம், வாத்தியார். எனக்கும் எண்ணத் தெரியும்.

மடு றோட்:
ஆஹா, சிறுபோகம் இப்ப எங்கட பக்கம் வந்திட்டார்!

சிறுபோகம்:
உங்கட பக்கம் நான் வரேல்லை. வாத்தியாரின்ர கணக்கு வாத்தியாருக்கே இடிக்குது எண்டு காட்டினனான். பிலிப்பியர் 1:28க்கு இன்னும் பதில் இல்லை.

வட்டக்கச்சி வாத்தி:
1:28இலயும் தூட்டோ முழு வசனத்தைத்தான் சுட்டுது, தனிச் சொல்லை இல்லை. அது எனக்குச் சாட்சி, உமக்கு இல்லை. எபேசியர் 2:10க்கு நீர் இன்னும் வாய் திறக்கேல்லை.

சிறுபோகம்:
'உமக்கு' எண்டு கதைக்கத் தொடங்கியாச்சு. பத்தாம் வசனம் ஓடிப்போகாது. முதல் 'இது'.

கனகராயன்:
36தான். போய்ப் பாருங்கோ.