காரைக்குடிச் சாலைகளில் ஓடும் இசட்4 வண்டிக்கு எந்தக் காயில்ஓவர், எத்தனை கிலோ ஸ்பிரிங்?

காரைக்குடியிலிருந்து கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2011ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ இசட்4 இருக்கிறது. நான்கு ஷாக் அப்சார்பர்களும் ஓய்ந்துவிட்டன. முன்பக்கம் இடதுபுறத்தில் எண்ணெய் கசிந்து, செம்மண் புழுதியோடு சேர்ந்து களிம்புபோல் அப்பிக் கிடக்கிறது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த செட்) போடலாம் என்று நினைக்கிறேன். தினமும் கானாடுகாத்தான் வரை போய்வருவேன். மாதம் இருமுறை திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போவேன். ஆண்டுக்கு ஒருமுறை கோவை செட்டிப்பாளையம் கரி பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு.

இரண்டு செட்டுகள் பார்வையில் இருக்கின்றன. ஒன்றில் ஸ்பிரிங்கின் விறைப்பு (அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் எடை) முன்னால் 8 கிலோ, பின்னால் 10 கிலோ. மற்றதில் முன்னால் 4, பின்னால் 10. விற்பவர் முதல் செட்டைத்தான் ஸ்போர்ட்ஸ் காருக்கு உரியது என்கிறார். இரண்டாவதில் முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எதை வாங்குவது?

தேவகோட்டையிலிருந்து பதில்:

வேறொரு காரில் முன்பக்கம் 8 கிலோ ஸ்பிரிங்கோடு இரண்டு ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். வழவழப்பான நெடுஞ்சாலையில் திருப்பும்போது வண்டி கையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது; அந்த மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன். ஆனால் ஒருநாள் என் ஆச்சியை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் வழி முழுக்கக் கதவுப் பிடியை விடாமல், வேகத்தடை வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்கிக்கொண்டே வந்தார். பொருத்திக் கொடுத்த பட்டறையில் கேட்டதற்குப் பழகிவிடும் என்றார்கள். பதினான்காவது மாதத்தில், ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் டாப் மவுன்ட் ரப்பர் கிழிந்தது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைந்த மேடு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி வகுக்கப்பட்டது. நம் ஊர்களில் அதே உயரத்தை ஓரடி அகலத்துக்குள் எழுப்பிவிடுகிறார்கள். விறைப்பான ஸ்பிரிங் அதை அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பிவிடும்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் இன்னும் ரன்ஃபிளாட் டயர் (காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடியது) இருந்தால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் அதன் தடித்த பக்கச்சுவர் உங்களைக் குலுக்கும். முதலில் அதை மாற்றுவதா என்று யோசியுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து பதில்:

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் ஸ்பிரிங்கின் விறைப்பு. சக்கரம் உணரும் விறைப்பு வேறு. இசட்4இன் முன்பக்கம் ஸ்ட்ரட் அமைப்பு என்பதால் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே, சக்கரத்துக்கு அருகில் நிற்கிறது. பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங் உள்ளே தள்ளி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பின்பக்கத்துக்குக் காயில்ஓவர் என்பது பேருக்குத்தான். அங்கே சக்கரம் ஏறும் தூரத்தைவிட ஸ்பிரிங் அமுங்கும் தூரம் குறைவு, நெம்புகோல்போல. அந்த விகிதத்தின் வர்க்கத்தால் ஸ்பிரிங் விறைப்பைப் பெருக்கினால்தான் சக்கரத்தின் விறைப்பு கிடைக்கும். வர்க்கம் என்பதால் சிறிய வித்தியாசமும் பெரிதாகிவிடும்.

இரண்டு அளவுகளைத் தாருங்கள். பக்கத்தில் உள்ள எடைமேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். நீங்கள் இருக்கையில் இருக்க வேண்டும். அடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை 50 மி.மீ. உயர்த்தினால் ஸ்பிரிங்கின் மேல், கீழ்த் தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

அரிசி ஆலை எடைமேடையில் இரண்டு நெல் லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று அளந்துவிட்டு வந்தேன். என்னையும் அரை டேங்க் பெட்ரோலையும் சேர்த்து முன்பக்கம் 760 கிலோ, பின்பக்கம் 780 கிலோ. கூரையை மடித்ததும் 20 கிலோ பின்பக்கம் போய்விட்டது. பின்சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 33 மி.மீ. குறைகிறது, முன்பக்கத்தில் 48.

புதுக்கோட்டையிலிருந்து பதில்:

நன்றி, இப்போது கணக்குப் போடலாம். சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றுக்கு ஒரு மூலைக்கு 40 கிலோ கழித்தால், ஸ்பிரிங் தாங்கும் எடை முன்னால் 340, பின்னால் 350 கிலோ. முன்பக்க விகிதம் 0.96, அதன் வர்க்கம் 0.92. பின்பக்கம் 0.66, வர்க்கம் 0.44. அதாவது பின்னால் போடும் 10 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 4.4 கிலோவாகத்தான் நிற்கிறது. உங்கள் குழப்பத்துக்கு விடை இதுதான்.

இந்த விறைப்பையும் எடையையும் கொண்டு வண்டியின் உடல் நொடிக்கு எத்தனை முறை (ஹெர்ட்ஸ்) மேலும் கீழும் ஆடும் என்று கணக்கிட்டால், முன்பக்கம் 8 கிலோவுக்கு 2.3 ஹெர்ட்ஸ், 4 கிலோவுக்கு 1.6 ஹெர்ட்ஸ், பின்பக்கம் 10 கிலோவுக்கு ஏறத்தாழ 1.8. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரையிலும், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரையிலும் இருக்கும். 2.3 என்பது பந்தயத் தடத்துக்கான எண்.

அதைவிட முக்கியமானது முன்பின் பொருத்தம். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறும், பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறும். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து உடல் சமமாக அமரும். ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி 1930களிலேயே கண்டறிந்தது இது. இரண்டாவது செட் அந்த விதிக்குள் வருகிறது. முதல் செட்டில் முன்பக்கம் வெகுவாக முந்திவிடுவதால், மேலூர்ச் சாலையில் வண்டி தலையாட்டிக்கொண்டே போகும். எனவே முன்னால் 4, பின்னால் 10 என்பதையே வாங்குங்கள்.

ஆனால் மென்மையான ஸ்பிரிங்குக்கு இடம் வேண்டும். 4 கிலோ ஸ்பிரிங்கில் வண்டியின் எடைக்கே முன்சக்கரம் 92 மி.மீ. அமுங்கி நிற்கும். அழகுக்காக மேலும் 40 மி.மீ. இறக்கினால் மீதமுள்ள நடமாட்டம், ஷாக்கின் எல்லைத் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் முட்டி முடிந்துவிடும். ஸ்ட்ரட் அமைப்பில் மிகவும் இறக்கினால் திருப்பத்தில் சாய்வுகூட அதிகரிக்கும். 15 மி.மீ. இறக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, வழக்கமான சாலையில் ஒருமுறை போய்வந்து, அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பை ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டிருந்தால் வண்டியை உயர்த்த வேண்டும்.

8 கிலோ செட்டை வாங்கி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்பிரிங் பாதியானால் ஆட்டத்தை அடக்க ஷாக் தர வேண்டிய தடை ஏறக்குறைய 0.7 மடங்காகக் குறைகிறது. ஷாக்கைப் பழைய அமைப்பிலேயே விட்டால், அடுத்தடுத்து வரும் பள்ளங்களில் சக்கரம் திரும்பி நீள நேரமின்றி வண்டி படிப்படியாகக் கீழே அமர்ந்துவிடும்.

பொருத்தியபின் 500 கி.மீ. ஓட்டுங்கள், ஸ்பிரிங் சற்று அமரும். அதன்பிறகு உயரத்தைச் சரிபார்த்து, நீங்கள் இருக்கையில் இருக்கும்போதே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். உயரம் மாற்றும் மரையில் நம் செம்மண் புகுந்து, ஐப்பசி மழையில் நனைந்து காய்ந்தால் பூட்டு வளையம் இறுகிப்போகும்; மழைக்கு முன்பே பல்துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துக் கழுவி, மெழுகு தடவி வையுங்கள்.