மில்ஸ் அண்ட் பூன்: ஒரே கதைக்கு எத்தனை அட்டை?

கரிசல்காரன்:
எங்கள் ஊர் லெண்டிங் லைப்ரரியை (வாடகை நூலகம்) மூடும்போது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் ஆங்கிலக் காதல் நாவல்கள் பத்து அள்ளிக்கொண்டு வந்தேன். ஏழு முடித்தாயிற்று. நான்கில் கிரேக்கக் கோடீசுவரன், அவனிடம் வேலை பார்க்கும் பெண், ஊர் வாயை அடைக்க ஒரு கல்யாணம். இரண்டில் விபத்து, நினைவு போய்விடுகிறது. ஏழிலும் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சண்டை. ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடும். அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து எப்படிப் படித்தீர்கள்?

தேன்மொழி:
நீங்கள் அள்ளியது பெரும்பாலும் ஒரே வரிசையாக இருக்கும் சகோ. டாக்டர், நர்ஸ் கதைக்குத் தனி வரிசை, சரித்திரக் காதலுக்குத் தனி வரிசை உண்டு. கோடீசுவரன் வரிசை என்றால் சுமார் 50,000 சொல், முடிவில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். இது வாங்கும்போதே தெரிந்ததுதானே? இனிப்புக் கடைக்குள் போய் எல்லாம் இனிக்கிறதே என்றால்?

கரிசல்காரன்:
இனிக்கட்டும். ஜாங்கிரி கேட்டாலும் மைசூர்பாகு கேட்டாலும் ஒரே துண்டை நீட்டுகிறார்களே, அதுதான் என் சண்டை. துப்பறியும் கதையிலும் கொலைகாரன் அகப்படுவான் என்று தெரியும். எப்படி அகப்படுகிறான் என்பதில் மெனக்கெடுவார்கள்.

பழம்பாட்டு:
சங்க இலக்கியக் காதல் பாட்டான அகப்பாட்டை என்ன சொல்வீர்கள்? தலைவன், தலைவி, தோழி, செவிலி. அகத்தில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இரவில் வருவான், ஊர் அலர் தூற்றும், தாய் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள், பிறகு அவனோடு ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு. இப்படி வகுத்த சூழல்களைத் துறை என்று நாம் மரியாதையாகச் சொல்வதும் ஒரு வார்ப்புதான்.

கரிசல்காரன்:
ஐயா, சங்கத் தொகையான குறுந்தொகையில் பாட்டு பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். 190 பக்கம் எழுதச் சொல்லியிருந்தால் கபிலரும் தலைவிக்கு நினைவு தப்ப வைத்திருப்பார்.

பழம்பாட்டு:
சரி, அது நியாயம்தான்.

நடுநிசி:
எழுதுகிறவர்களை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? 1908இல் லண்டனில் தொடங்கியபோது இந்தப் பதிப்பகம் எல்லா வகையும் போட்டது, ஜாக் லண்டன் உட்பட. 1930களில் காதல் பக்கம் சாய்ந்ததற்கு அங்கேயும் வாடகை நூலகங்கள்தான் காரணம். 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் வாங்கியது. மாதாமாதம் புதுக் கட்டு வரும், பழையது அலமாரியைக் காலி செய்ய வேண்டும். 2003இல் இங்கிலாந்தில் திறந்த எம்6 சுங்கச் சாலைக்கு சுமார் 25 லட்சம் பழைய பிரதிகளைக் கூழாக்கித் தாரோடு கலந்தார்கள். இந்த வேகத்துக்கு ஒரே வார்ப்பு இல்லாமல் ஓடாது.

கரிசல்காரன்:
சாலைக்காவது உதவியதே! இன்னொன்று. நான் அள்ளிவந்த எல்லாப் புத்தகத்திலும் பென்சில் குறிகள். நட்சத்திரம், இனிஷியல், ஒரு மீன்கூட. ஏற்கெனவே படித்ததா என்று கதையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் வாசகிகளே போட்ட அடையாளம். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தேன்மொழி:
எங்கள் அம்மாவின் குறி, 17ஆம் பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மதியம் பாத்திரம் கழுவி முடித்து, நாங்கள் பள்ளிவிட்டு வருவதற்குள் படிப்பார். வீட்டில் மிச்சமிருக்கும் ஒன்றில் மூன்று வட்டம்.

கரிசல்காரன்:
மறந்துபோய் மூன்று முறை எடுத்து வந்திருப்பார்.

தேன்மொழி:
இப்போதுதான் கேட்டேன். "அந்த நர்ஸ் கோவிச்சுக்கிட்டு ஸ்காட்லாந்துக்கு ரயில் ஏறுவாளே, அந்தப் பத்துப் பக்கத்துக்காகத்தான்" என்றார். டாக்டர் பெயர் என்னம்மா என்றேன். தெரியவில்லை.