ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை மகள் குடிக்க மறுக்கிறாள்

தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து, பம்பில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகும் பாலை மகள் துப்பிவிடுகிறாள். அதே பாலை எடுத்தவுடன் பாலாடையில் புகட்டினால் மறுப்பதில்லை. மறுநாளே பாலில் சோப்பு வாடை வருகிறது. கண்ணாடிப் புட்டிக்கு மாற்றினோம். பம்பின் பாகங்களைக் கொதிநீரில் போட்டெடுத்தோம். வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கியும் அத்தை கொடுத்துப் பார்த்தார். மாலைவரை அவள் பசியோடு அழுவதை நினைத்தால் வேலையே ஓடவில்லை.

பாலிலுள்ள லிபேஸ் நொதி கொழுப்பைச் சிதைப்பதால் இவ்வாடை வரலாம் என்றும், எடுத்தவுடன் கொதிக்கவிடாமல், ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி உடனே குளிர்வித்தால் குறையும் என்றும் அறிந்தேன். அலுவலகத்தில் அடுப்பு இல்லை. அங்கே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவரும் பாலை, மாலையில் வீட்டில் சூடாக்கிய தாய்மார் யாருக்கேனும் வாடை வராமல் இருந்ததா?