‘விய்’ அசைவூட்டக் குறும்படம்: கதையை வாசித்த பின்னா, முன்னா?

கேள்வி (ஹட்டன், ஆசிரியை)
ரஷ்ய மொழி எழுத்தாளர் நிகொலாய் கோகலின் ‘விய்’ கதையைத் தழுவி லியோனித் சருபினும் அல்லா கிராச்சோவாவும் 1996இல் உக்ரைனில் இயக்கிய அசைவூட்டக் குறும்படத்தை, எங்கள் பாடசாலை இலக்கிய மன்றத்தில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். கதையை முன்கூட்டியே வாசிக்கக் கொடுக்க வேண்டுமா? பேய்க்கதை என்பதால் பெற்றோர் ஆட்சேபிப்பார்களோ என்ற தயக்கமும் உண்டு.

பதில் 1 (பண்டாரவளை)
கதையையே முதலில் வாசிக்கச் செய்யுங்கள். 1835இல் வெளிவந்த அக்கதையில், இறந்த பெண்ணொருத்தியின் உடலருகே மூன்று இரவுகள் ஜெபம் வாசிக்கத் தேவாலயத்துள் பூட்டப்படும் ஹோமா புரூத் என்ற குருமட மாணவன், தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைக் கீறிக்கொள்கிறான். பிணம் எழுந்து தேடினாலும் அதன் கண்ணுக்கு அவன் தென்படுவதில்லை. அவனைக் காட்டிக்கொடுக்கவே மூன்றாம் இரவில், இரும்பு முகமும் தரைவரை தொங்கும் இமைகளும் கொண்ட விய் என்ற பூதம் அழைத்துவரப்படுகிறது. பார்க்காதே என்று உள்மனம் தடுத்தும் அவன் பார்த்துவிடுகிறான், அத்தோடு முடிந்தது. அவ்வளவு பெரிய உருவத்துக்குக் கோகல் ஒதுக்கியவை சில வரிகளே. மிச்சத்தை வாசகர்தாம் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். ஓவியர் வரைந்ததை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்த வேலையே இல்லாமற் போய்விடும்.

பதில் 2 (மஸ்கெலியா)
அச்சத்தைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். காமன் கூத்துக்கு விடிய விடிய விழித்திருந்து, எமனும் வீரபத்திரனும் ஆடிவருவதைப் பார்த்த தோட்டத்துப் பிள்ளைகள் இதற்கா மிரளப்போகிறார்கள்? நீங்கள் கவனமாக விளக்க வேண்டிய இடம் வேறு. தன் முதுகில் ஏறிச் சவாரி செய்த சூனியக்கிழவியின் மேல் ஹோமா பதிலுக்கு ஏறி, விறகுக்கட்டையால் அடித்து வீழ்த்துகிறான். வீழ்ந்தவள் இளம்பெண்ணாகக் கிடக்கிறாள். பிறகு அவன் ஜெபம் வாசிக்கப் போவதும் அவளுடைய உடலருகேதான். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தவறவிட்டால் கதை வெறும் பேய் விரட்டலாகச் சுருங்கிவிடும். ஆகவே வாசிப்பே முந்தட்டும். ஆனால் விய் வரும் பக்கத்தோடு நிறுத்தி, அதைப் பிள்ளைகளையே வரையச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டலாம்.

பதில் 3 (நுவரெலியா)
நேரமிருந்தால், 1967இல் சோவியத் திரைப்பட நிறுவனமான மொஸ்பிலிம் தயாரித்த, நடிகர்கள் நடித்த ‘விய்’ படத்தின் மூன்றாம் இரவுக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தந்திரக் காட்சிகளில் சோவியத் இயக்குநர் அலெக்சாந்தர் ப்துஷ்கோவின் கைவண்ணம் உண்டு. சேவல் கூவியதும் தப்பியோட முடியாமல் சன்னல்களில் சிக்கிக்கொள்ளும் பூதங்கள் கதையில் வருகின்றன. அவற்றை இரு படங்களிலும் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

ஹட்டன், ஆசிரியை
நன்றி. மூன்றாம் இரவுக்கு முன் வாசிப்பை நிறுத்தி, வரைதாள் கொடுக்கப்போகிறேன். விறகுக்கட்டை அடி பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே பேசிவிடுவேன்.