மீன்பிடித் தடைக்காலத்தில் லாரிக் கடனின் இரண்டு தவணைகளைத் தள்ளிவைக்க வழி உண்டா?

நான் மண்டபத்தில் இருக்கிறேன். சொந்தமாக ஒரே ஒரு வண்டி, ஓட்டுவதும் நானே. 2018 மாடல் ஆறு சக்கரக் கூண்டு லாரி. பாம்பன், ராமேசுவரத்திலிருந்து கேரளத்துக்கு மீன் ஏற்றுகிறேன். தனியார் நிதி நிறுவனத்தில் 8 லட்சம் கடன், 48 தவணை, மாதம் 22,700 ரூபாய். 17 தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டேன். மே மாதத் தவணை நின்றுவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் சின்ன வண்டிகளிலேயே போய்விடுகிறது. தடைக்காலத்தில் மீனவருக்கு நிவாரணம் உண்டு. மீன் ஏற்றுகிறவனுக்கு ஏது?

வாலிநோக்கத்திலிருந்து இரண்டு நடை உப்பு ஏற்றினேன். டீசலும் தரகும் போக மிஞ்சியது சாப்பாட்டுக்கே சரி. போதாததற்கு உப்பு அடிச்சட்டத்தைத் தின்கிறது. சாயல்குடிப் பக்கம் கரிமூட்டை லோடு கிடைக்கிறது. ஆனால் கூண்டுக்குள் கரி ஏற்றினால் பிறகு மீன் வியாபாரி எவரும் வண்டியைத் தொடமாட்டார். மனைவியின் நகை போன வருடத் தடைக்காலத்துக்கே அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

கிளைக்கு நேரில் போய்க் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். மறுநாளே வசூல் ஆள் வீட்டு வாசலில் நின்றார்.

கூடுதல் வட்டி கட்டத் தயார். மே, ஜூன் தவணைகளைக் கடனின் கடைசிக்குத் தள்ளிவைத்து, அதை எழுத்தில் வாங்கியவர் இங்கே யாராவது இருந்தால், யாரிடம் என்னவென்று எழுதிக் கொடுத்தீர்கள்?