ஏர் ஃப்ரையரில் ஆப்பிள்: ஓரம் கருகுகிறது, நடுவில் வேகவில்லை, உதவுங்கள்

தூத்துக்குடி மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். என் மாமனாருக்குப் போன வாரம் மேல்வரிசைப் பல் முழுக்க எடுத்தாகிவிட்டது, பல் செட் வர இன்னும் நாளாகும். ஆப்பிள் என்றால் அவருக்கு உயிர், தினம் சாயங்காலம் ஒன்றை நறுக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். இப்போது அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறார். மிக்சியில் அடித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளி வைக்கிறார், பழம் பழமாக இருக்க வேண்டுமாம். சரி, ஏர் ஃப்ரையரில் நெய்யும் பட்டைத்தூளும் போட்டு மெத்தென்று வேகவைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது.

வீடியோவில் சொன்னபடி 200 டிகிரி, 15 நிமிடம். ஒரு பழத்தை எட்டாக நறுக்கி, நெய் தடவி, மேலே பட்டைத்தூளும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் தூவினேன். ஓரமெல்லாம் கருப்பு, மேல்பக்கம் வடகம் மாதிரி காய்ந்து விறைக்கிறது, நடுவில் கத்தி இறங்கினால் இன்னும் நறுக்கென்கிறது. நேரத்தைக் கூட்டினால் கருகல் கூடுகிறது, குறைத்தால் பச்சையாக இருக்கிறது. போதாததற்கு ஓடும்போதே பின்பக்கம் லேசாகப் புகை, பட்டை தீய்ந்த வாடை. 4 லிட்டர் கூடை, 1400 வாட். பழம் கடையில் வாஷிங்டன் என்று கொடுத்தது, கருஞ்சிவப்பு. மெஷின் கோளாறா, நான் மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா? மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

சர்வீஸ் மெக்கானிக்

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது சகோதரி, கடைக்குத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். உள்ளே இருப்பது மேலே ஒரு காயில், அதாவது சூடேறுகிற கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. விசிறி சூட்டுக் காற்றைச் சுழற்றி அடிப்பதால் பொருளின் மேல்பக்க ஈரம் சட்டென்று போய்விடும், உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாவது அதனால்தான். ஆப்பிளில் 85 சதவீதம் போலத் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை பழத்தின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது, நீங்கள் வெளியே 160 வைத்தாலும் சரி, 200 வைத்தாலும் சரி. நடு வேகத் தேவை நேரம். 200 வைத்தால் அந்த நேரம் கிடைப்பதற்குள் மேல்பக்கம் காய்ந்து கருகிவிடும். ஆப்பிளின் இனிப்பில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ், சர்க்கரை வகைகளில் சீக்கிரம் சிவந்து கருகுகிற வகை அது, அதன் மேல் நாட்டுச் சர்க்கரையும் தூவினால் கேட்கவே வேண்டாம்.

புகைக்குக் காரணம் பட்டைத்தூள். உலர்ந்த தூளை மேலே தூவினால் விசிறி அதைக் கிளப்பிக் காயிலில் ஒட்ட வைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள், காயிலில் பழுப்பாகப் படிந்திருக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ துடைத்து, காய்ந்த பிறகு காலியாக ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம். இன்னொன்று, பேக்கிங் பேப்பரை வெறுமனே கூடையில் விரித்து முன்சூடு பண்ணாதீர்கள், மேலே பறந்து காயிலில் பட்டால் தீப்பிடிக்கும். பேப்பர் போட்டால் அதன் மேல் பழம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்

இட்லிப் பானையில் பத்து நிமிடம் வையுங்கள், வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு?

தூத்துக்குடி மருமகள்

காயில் விஷயம் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது அண்ணா, துடைத்துவிட்டேன், வாடை போய்விட்டது. இட்லிப் பானையிலும் வைத்துப் பார்த்தோம், வெந்துவிட்டது, ஆனால் தண்ணீர் இறங்கிச் சப்பென்று போகிறது, மாமா ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அந்தச் சுட்ட வாசனை வேண்டும் அவருக்கு.

அடுப்படி அக்கா

இரண்டையும் சேர்த்துவிடு தங்கச்சி, முதலில் மூடி வேகவை, அப்புறம் திறந்து சிவக்க விடு. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

பழத்தை எட்டாக நறுக்காதே. துண்டு மெலிதாக இருந்தால் ஓரம் அதிகம், ஓரம் அதிகமென்றால் கருகலும் அதிகம். தோலைச் சீவிவிடு, பல் இல்லாதவர்களுக்கு அந்தத் தோல்தான் தொல்லை, எவ்வளவு வெந்தாலும் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பழத்தைப் பாதியாக வெட்டி, விதைப் பகுதியை டீஸ்பூனால் சுரண்டி எடுத்தால் சின்னக் குழி கிடைக்கும். கூடைக்குள் அடங்குகிற எவர்சில்வர் கிண்ணத்தில் குழி மேலே பார்க்க வைத்து, அடியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, வாயை ஃபாயிலால் இறுக்கி மூடு. ஃபாயில் பழத்தைத் தொட வேண்டாம், ஆப்பிளில் புளிப்பு உண்டு, அது அலுமினியத்தை அரிக்கும். ஓரத்தை நன்றாக மடித்து அழுத்தாவிட்டால் காற்று அதைத் தூக்கிவிடும். 160 டிகிரியில் 15 நிமிடம். கிண்ணத்துக்குள் காற்று நேரே படாததால் அதிலேயே ஆவி கட்டி வேகும்.

பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு, ஆவி முகத்தில் அடிக்கும், பார்த்து எடு, அரை டீஸ்பூன் நெய்யில் இரண்டு சிட்டிகை பட்டைத்தூளைக் குழைத்துக் குழியிலும் மேலேயும் தடவு. நெய்யில் குழைந்த தூள் பறக்காது. இப்போது 180-ல் ஐந்து நிமிடம், நான்காவது நிமிடத்திலேயே திறந்து பார். மேலே பொன்னிறமாகி, குழி ஓரத்தில் நெய் சின்னச் சின்னதாகக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும், இறங்கவில்லையென்றால் மறுபடி மூடி 160-ல் ஐந்து நிமிடம் கொடு, திறந்தபடி நேரத்தைக் கூட்டாதே.

நாட்டுச் சர்க்கரை வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்கு அதுவும் சர்க்கரைதான். வெந்த ஆப்பிள் தன்னாலேயே இனிப்புத் தூக்கலாகத் தெரியும், ஒரு கல் உப்பைப் பொடித்துப் போட்டால் இன்னும் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை அவர் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக்கொள். பல் எடுத்த புண் ஆறும்வரை சூடாகக் கொடுக்காதே, வெதுவெதுப்பு போதும், பட்டை எரிகிறது என்றால் அதையும் விட்டுவிடு.

நாட்டிங்ஹாம்வாசி

அக்கா சொன்ன முறைக்கு நானும் ஒரு ஓட்டு. அதோடு, பழத்தையும் மாற்றிப் பாருங்கள். வாஷிங்டன் என்று அங்கே விற்கிற கருஞ்சிவப்புப் பழம் பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ், பச்சையாகச் சாப்பிடுவதற்கான பழம். தோல் தடிப்பு, புளிப்புக் கம்மி, வெந்தால் மாவு மாவாகி ருசி இல்லாமல் போகும். சூட்டுக்குத் தாங்கி ருசி நிற்க வேண்டுமென்றால் பழத்தில் புளிப்பு வேண்டும்.

நான் இருக்கிற ஊர்ப் பக்கம் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர், 1809-ல் அங்கே ஒரு சிறுமி விதை போட்டு முளைத்த மரத்திலிருந்து வந்ததுதான் பிராம்லி. இங்கிலாந்தில் சமையலுக்கென்றே விற்கிற ஆப்பிள் அது. பச்சையாகக் கடித்தால் புளிப்பில் கண் கூசும், வேகவைத்தால் நுரைத்துப் பஞ்சாகக் குழைந்துவிடும், பல்லே தேவையில்லை. அங்கே கிடைக்காது என்பதால் சொல்கிறேன், பச்சை நிற கிரானி ஸ்மித் கிடைத்தால் வாங்குங்கள். அது உருக்குலையாமல் வேகும், அதனால் மூடி வைக்கிற நேரத்தை ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும், ஆனால் ருசி நிற்கும்.

பழ மண்டி

கிரானி ஸ்மித் எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தாலும் விலை கூட. ராயல் காலா கேளுங்கள், மஞ்சள் மேல் சிவப்புக் கோடு போட்டுக் கொஞ்சம் சின்னதாக இருக்கும், தோல் மெலிசு, சீக்கிரம் வேகும். சிம்லா ஆப்பிள் என்று வருவதில் பாதிக்கு மேல் டெலிஷியஸ் வகைதான், 1916 வாக்கில் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர் கோட்கர் மலையில் கொண்டுவந்து நட்ட வழி. அதற்காக ஒதுக்க வேண்டாம், ஆகஸ்ட், செப்டம்பரில் புதிதாக வரும்போது சாறும் லேசான புளிப்பும் இருக்கும், நன்றாகவே வேகும். அதே பழம் பிப்ரவரி, மார்ச்சில் கிடங்கிலிருந்து வந்தால் கதை வேறு. கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்குத் தகுந்த கனம் வேண்டும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பழம் உள்ளே மாவாகிவிட்டது, அதை எந்த மெஷினில் வைத்தாலும் தேறாது.

ராயபுரம்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு ஆப்பிள் சிப்ஸ் போட்டால் பாதி மொறுமொறு, பாதி இழுவை. சில துண்டு பறந்து மேலே போய் ஒட்டிக் கருகுகிறது.

அடுப்படி அக்கா

ஒரே கனத்தில் சீவ வேண்டும், 2 மில்லிமீட்டர், சிப்ஸ் கட்டையில் சீவினால் சரியாக வரும். ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெஷினோடு வந்த கம்பித் தட்டைக் கவிழ்த்து வை, பறக்காது. 130 டிகிரியில் 25 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பிப் போடு. முக்கியமானது, சூடாக இருக்கும்போது வளைந்துதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும், அதனால் சூட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டாதே. ராயபுரத்துக் கடல் காற்றில் திறந்து வைத்தால் அரை மணியில் நமத்துவிடும், ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடு.

தூத்துக்குடி மருமகள்

அக்கா, வந்துவிட்டது! ராயல் காலா வாங்கினேன், தோல் சீவி, பாதியாக வெட்டி, கிண்ணத்தில் மூடி 160-ல் 15, திறந்து 180-ல் ஐந்து. எங்கள் மெஷினில் நான்கரை நிமிடத்திலேயே நல்ல நிறம் வந்துவிட்டது. கிண்ணத்து அடியில் கொஞ்சம் சாறு இளஞ்சிவப்பாகக் கட்டி நின்றது, அதையும் மேலேயே விட்டுக் கொடுத்தேன். மாமா ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு "நாளைக்கும் உண்டா" என்று கேட்டார். பல் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன், ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாதிப் பழம் மிஞ்சினால் மறுநாள் சூடு பண்ணலாமா?

அடுப்படி அக்கா

ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் வரை இருக்கும். அதே கிண்ணம், அதே ஃபாயில், 150-ல் ஐந்து நிமிடம். திறந்து சூடு பண்ணினால் மேலே காய்ந்துவிடும்.

அம்பாசமுத்திரம்

தினமும் 20 நிமிடம் ஓட்டினால் கரண்ட் பில் எகிறாதா?

சர்வீஸ் மெக்கானிக்

1400 வாட் மெஷின் 20 நிமிடம் நிற்காமல் இழுத்தாலும் அரை யூனிட்டுக்குள்தான் வரும். சூட்டை அளவோடு வைக்கிற தெர்மோஸ்டாட் நடுநடுவே காயிலை அணைத்து அணைத்துப் போடுவதால் அதிலும் குறையும். தைரியமாகப் போடலாம்.